அக்கம்பக்கத்தார் மட்டும்தான்

8 பிப்ரவரி 1994, செவ்வாய்

ஆலங்கட்டியும் மழையும் மாறி மாறி. துணி ஒன்றும் காயவில்லை. மாவு, தேயிலை, வெல்டிங் கம்பி வாங்கியதை எழுதிவிட்டேன். கம்பியை வீட்டுச் செலவில் எழுதிவிட்டுப் பிறகு அடித்தேன். அது இப்போது கம்பெனிச் செலவு, இன்னும் கை பழகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்காரர் கோல்மன் பால் சங்கத்து வேலையை விட்டதும் கம்பெனி பதிவு செய்தோம். இரண்டு இயக்குநர்கள் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டமாம். அவர் ஒருவர். இன்னொருவருக்கு எங்கே போவது? என் பெயரைப் போட்டார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கெழுதக் கற்றவள் இயக்குநர்.

எல்லாம் அந்த கேட்டுக்காக. கன்று போடும் மாட்டின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் கேட் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் வலியில் மாடு மண்டியிட்டு விழுந்தால் கழுத்து இறுகிச் செத்துப்போகும். கோல்மன் செய்ததில், மாடு விழுந்தால் கொக்கி தானே விட்டுவிடும். தனி ஆளாக இருக்கிறவன்கூட பயமில்லாமல் பின்னால் நின்று வேலை பார்க்கலாம். செய்தது ஒன்றுதான். நவநாளுக்கு மாதா சொரூபம் வீடு வீடாகப் போகிற மாதிரி, இரண்டு வருஷமாக அது ஊரைச் சுற்றுகிறது. இந்த வாரம் மேட்டில் தனியாக இருக்கும் பாக்கி டான்சியின் கொட்டகையில்.

காலையில் கோல்மன் பேப்பரின் தொழில் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறார். விமானத்தை வாடகைக்கு விட்டவர், திவாலாகி எழுந்தவர், மீன் கூடையில் தொடங்கிக் கப்பல் வாங்கினவர். "பாரு அட்ராக்டா, எல்லாரும் நம்ம மாதிரி ஆளுங்கதான்." பார்த்தேன். எல்லாருக்கும் ஏழ்மையான இளமை இருக்கிறது. மனைவி கடைசி வரியில் வருகிறாள்.

13 பிப்ரவரி, ஞாயிறு

பூசைக்குப் பிறகு டவுன் ஹோட்டலில் எண்டா மல்விஹில் பேசினார். இந்த மாவட்டத்தில் பாதிக் கொட்டகையின் இரும்பில் அவர் பெயர்தான் இருக்கும். கோல்மன் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

உண்மையான தொழில்முனைவர் என்றால் யார் என்று ஒருவர் எழுந்து கேட்டார். மல்விஹில் சொன்னார்: "பயமில்லாதவன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. அதெல்லாம் இல்ல. பயத்த வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டு வெளிய கிளம்புறவன்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வண்டியில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

16 பிப்ரவரி, சாம்பல் புதன்

ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். பால் விடாத தேநீர்.

மல்விஹில் வந்தார், நெற்றியில் சாம்பலோடு. கேட் இங்கே இல்லை என்றதும், பாக்கியின் கொட்டகைக்கே போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து என் சமையலறையில் பேசினார். பழைய மர ஆலையை எடுத்துத் தொழிற்சாலை போடுவாராம், ஊர்ப் பையன்களுக்கு வேலையாம், லாபத்தில் பாதி எங்களுக்காம். "பேட்டண்ட் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. அது இல்லாம நான் ஒரு ஆணி வாங்க மாட்டேன்."

கோல்மன் இரவு ஜெபமாலைக்கு எனக்கு முந்தியே வந்து முழங்காலில் நின்றார். கல்யாணமான நாள் முதல் அப்படிப் பார்த்ததில்லை.

24 பிப்ரவரி, வியாழன்

டப்ளின். ரயிலில் முட்டை சாண்ட்விச் கொண்டு போனோம்.

காப்புரிமை எழுதித் தரும் மிஸ் பிரெண்டர்காஸ்ட் சின்ன உருவம், நல்ல மனசு. படங்களைப் பார்த்துவிட்டு, "ரொம்பப் புத்திசாலித்தனமான கொக்கி மிஸ்டர் டியர்னன்," என்றார். கோல்மனின் காது சிவந்தது. பிறகு, "உங்க வீட்டுக்கு வெளிய யாராவது இத பார்த்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"யாருமில்ல. அக்கம்பக்கத்துக்காரங்க மட்டும்தான்."

அவர் பேனா நின்றது.

"எத்தனை அக்கம்பக்கம்?"

கோல்மன் பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். டான்சி வீடு, பாலத்துக்காரர், ஏரிக்கரைச் சகோதரர்கள், பாதிரியாரின் அண்ணன்... நான் அவர் கையைத் தொட்டேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு அந்தப் பெண்ணின் முகத்திலேயே புரிந்துவிட்டது.

25 பிப்ரவரி, வெள்ளி

சட்டம் இதுதான். மனுப் போடுவதற்கு முன்னால் வெளி ஆள் ஒருவன் அந்தச் சாதனத்தை வைத்து வேலை செய்திருந்தாலும் அது புதுசு இல்லை. புதுசு இல்லை என்றால் காப்புரிமை இல்லை. மனுப் போடலாம், சான்றிதழ்கூட வரலாம், ஆனால் எவனாவது கிளறினால் நிற்காது.

கோல்மன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தரையில மாடு கிடக்குதுன்னு ஒருத்தன் வாசல்ல வந்து நிக்கிறான். முதல்ல டப்ளினுக்குப் போயி எழுதிட்டு வர்றேன், அப்புறம் தர்றேன்னு சொல்றதா?"

சொல்ல முடியாது. இந்த ஊரில் யாராலும் முடியாது. அதுதான் தப்பு என்று ஒரு சட்டம் இருக்கும் என்று யார் கண்டது?

3 மார்ச், வியாழன்

மல்விஹிலிடம் உள்ளதைச் சொன்னோம். துளியும் அதிரவில்லை. இன்று அவர் வக்கீல் ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு வரி: விண்ணப்பத்துக்கு முன் இந்தச் சாதனம் எங்கள் முற்றத்தைத் தாண்டி யாராலும் பார்க்கப்படவோ பயன்படுத்தப்படவோ இல்லை என்று இரு இயக்குநர்களும் உறுதி கூறுகிறோம். அடுத்த வரி: அது பொய் என்று தெரியவந்தால் அவர் போட்ட பணம் முழுவதையும் நாங்கள் திருப்பித் தர வேண்டும்.

பாக்கியின் கொட்டகையில் நின்று, தன் கையால் அந்தக் கொக்கியைத் திறந்து பார்த்த மனிதர்.

"யாரு வந்து விவசாயிங்ககிட்ட விசாரிக்கப் போறாங்க மிஸஸ் டியர்னன்?" என்றார் தொலைபேசியில். "இது வெறும் சம்பிரதாயம்."

கோல்மன் கையெழுத்துப் போட்டுவிட்டார். கீழே என் பெயருக்குப் பக்கத்தில் கோடு காலியாக இருக்கிறது.

5 மார்ச், சனி

பாவசங்கீர்த்தனம். அந்தக் கையெழுத்தைப் போடலாமா என்று ஃபாதர் கில்பேனிடம் கேட்டேன்.

"இன்னும் பொய் சொல்லலையே? அப்புறம் என்கிட்ட எதக் கொண்டு வந்திருக்கீங்க? பாவத்தப் பண்ணிட்டு வாங்க."

எழுந்திருக்கப் போனேன். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல, "எங்க அண்ணன் வீட்டுலயும் போன வருஷம் அது இருந்துச்சு. அருமையான கேட்டு," என்றார்.

8 மார்ச், செவ்வாய்

பாக்கி டான்சி மழைக்கோட்டோடு வந்து சமையலறை நடுவில் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வேலையாக வந்தாராம்.

"ஏதோ கேட்டுன்னு பேசிக்கிறாங்க. எந்த கேட்டு தாயே? நான் கேட்டே பார்த்ததில்ல. என் மாடெல்லாம் மழையில நின்னு தானா கன்னு போடுது."

"போன வாரம் அது தோள்ல இடிச்சதுன்னு என்கிட்ட வந்து தைலம் வாங்கிட்டுப் போனீங்க பாக்கி."

"ஏணியில இருந்து விழுந்தேன்."

"உங்க வீட்டுல ஏணியே கிடையாது."

"ஏணி இல்லாமத்தான் விழுந்தேன். அதான் அவ்வளவு வலி."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மேட்டுல இருந்து பாலம் வரைக்கும் எல்லா வீட்டுலயும் பேசியாச்சு. ரோம்ல இருந்து பாப்பரசரே வந்து கேட்டாலும் ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான். நீ போடு தாயே கையெழுத்த. கோல்மன் எங்களுக்கு வாடகைன்னு ஒரு பைசா கேட்டிருக்கானா?"

அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஊர் முழுக்க எங்களுக்காகப் பொய் சொல்லத் தயாராக இருக்கிறது. கூலி கேட்கவில்லை. என்னால் ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை.

11 மார்ச், வெள்ளி

சாப்பாட்டில் உப்பில்லை. கோல்மன் அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

17 மார்ச், புனித பாட்ரிக் திருநாள்

அணிவகுப்புக்குப் போகவில்லை. இன்றுதான் சண்டை வெடித்தது.

"இத்தனை வருஷம் பால் லாரி கழுவினேன். ஒரே ஒரு நாளாவது நான் முன்னாடி நிக்கக் கூடாதா?"

"நிக்கணும். நானும் அதத்தான் கேட்டு செபிக்கிறேன்."

"அப்ப போடு."

"அந்த வரிய எடுக்கச் சொல்லுங்க, போடுறேன்."

"அந்த வரிதான் அவருக்கு வேணும்! நீ மோட்சத்துக்குப் போறதுக்கு நான் இங்க கெடந்து மக்கணுமா?"

சொன்னதும் அவரே பயந்துபோனார். வெளியே போய்விட்டார். நான் பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தேன், எத்தனை பேருக்கோ தெரியல, ஒரு சட்டி நிறைய உரிச்சு வச்சிருக்கேன், என்ன பண்ணப்போறேனோ.

19 மார்ச், சனி, சூசையப்பர் திருநாள்

என்னையே கேட்டுக்கொள்கிறேன். இது பக்தியா, பயமா?

கணக்குப் பார்க்கிறவளாகவும் யோசித்தேன். அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் ஊர் முழுக்க நம்மைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவன் குடித்துவிட்டு உளறினாலும், வேலி விஷயத்தில் ஒருவன் நம்மோடு சண்டை போட்டாலும் வீடு போகும். மல்விஹிலுக்கு அது தெரியும். அதற்காகத்தான் அந்த இரண்டாவது வரி. கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் கையெழுத்து வேண்டாம் என்று முடிவு செய்த பிறகுதானே இதையெல்லாம் யோசித்தேன்?

பயத்தை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போகிறவன். கொடுத்துவிட்டுப் போகலாம். அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அந்த மனிதர் சொல்லவில்லையே.

22 மார்ச், செவ்வாய்

வக்கீல் அலுவலகம். போடவில்லை. "இது உண்மை இல்லை," என்று மட்டும் சொன்னேன்.

மல்விஹில் மரியாதையாகப் பேனாவை மூடினார். எழுந்து எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

கோல்மன் வீட்டுக்கு வந்ததும் நேராக மாட்டைப் பார்க்கப் போனார்.

3 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

கோவில் வாசலில் கோல்மனின் அக்கா கான்செப்டா. "வாங்க, புனித அட்ராக்டா. ஒளிவட்டம் நல்லாயிருக்கு. அத வச்சு அடுப்பு எரியுமா?"

கோல்மன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

9 மே, திங்கள்

பால் சங்கத்தில் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் முன்னால் வாங்கினதைவிடக் குறைவு. எழுதிக்கொண்டேன்.

20 ஜூன், திங்கள்

லாஃப் டெர்க் தீவில் தவயாத்திரை முடித்து வந்தேன். வெறுங்காலில் கல்லில் நடந்ததில் பாதம் கீறிக் கிடக்கிறது. பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கோல்மன் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

28 செப்டம்பர், புதன்

உழவுப் போட்டித் திடல். சேறு முழங்கால் வரை. மல்விஹில் கூடாரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த கேட். மாடு விழுந்தால் தானே விடும் கொக்கி. சுற்றிலும் கூட்டம்.

நான் கோல்மன் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. கொக்கியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

மல்விஹில் கை நீட்டிக்கொண்டு வந்தார். "கோபமில்லையே கோல்மன்? பேட்டண்ட் கிடையாதுன்னா அது யாரோடதும் இல்ல. யாரோடதும் இல்லைன்னா செய்யறவனோடது." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சட்டப்படி சரிதான். அவருக்கு அந்தப் பாதையைத் திறந்துவிட்டது நான்தான்.

கோல்மன் சொன்னார்: "கொக்கிய ரெண்டு விரல் கீழ வச்சிருக்கீங்க. குள்ள மாடு விழுந்தா விடாது."

மல்விஹில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையிலேயே குறித்துக்கொண்டார்.

வண்டியில் கேட்டேன், ஏன் சொன்னீங்க என்று. "மாடு செத்துடும்ல," என்றார். இந்த மனிதரையா நான் முன்னால் நிற்க விடாமல் செய்தேன்? இல்லை, இவர் முன்னால் நிற்கவே முடியாத மனிதரா?

14 நவம்பர், திங்கள்

மாவட்டத்தின் சிறந்த தொழில்முனைவர் விருது மல்விஹிலுக்கு. பேப்பரில் பாதிப் பக்கம். "சின்ன விஷயத்துலதான் தொழில் இருக்கு. கொக்கி ரெண்டு விரல் இறங்கியிருந்தா குள்ள மாடு செத்திருக்கும். அத ஒரு நாள் காலையில நானே தொழுவத்துல நின்னு கண்டுபிடிச்சேன்," என்று சொல்லியிருக்கிறார்.

கோல்மன் அதை வாசித்தார். சத்தமில்லாமல். தாளை மடித்து அடுப்பில் வைத்தார்.

சாயங்காலம் எங்கள் கொட்டகை ஜன்னலில் கோல்மன் சாக்கை மறைப்பாக வைத்து ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

19 ஜனவரி 1995, வியாழன்

கம்பெனிச் செலவு: தாழ்ப்பாள், பூட்டு, இரும்புக் குழாய்.

உள்ளே புதிதாகச் செய்வது என்ன என்று என்னிடம் சொல்லிவிட்டார், நான் இயக்குநர் ஆயிற்றே. காகிதத்தில் வரைந்து காட்டினார். பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேட்டைவிட இது பெரிது. இங்கேகூட அதை எழுதப்போவதில்லை. மனு டப்ளினுக்குப் போய்ச் சேர இன்னும் சில வாரம் ஆகும். மிஸ் பிரெண்டர்காஸ்ட் கடிதத்தில் ஒரு வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார்: அக்கம்பக்கத்தாரும் கூடாது.

9 பிப்ரவரி, வியாழன்

பனி. கன்று போடும் காலம்.

பாக்கி வந்தார். வழக்கம்போல நேராகக் கொட்டகைக்குப் போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே தாழ்.

"கோல்மன், நான்தாம்ப்பா. பாக்கி."

"இன்னைக்கு வேண்டாம் பாக்கி." உள்ளிருந்து.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு நின்றார். கதவு திறக்கவில்லை. சமையலறை வாசலுக்கு வந்தார், உள்ளே காலை வைக்கவில்லை.

"உள்ள என்ன தாயே பண்றான்?"

"எனக்குத் தெரியாது பாக்கி," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது. நாக்கு தடுக்கக்கூட இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். எனக்காகப் பாப்பரசரிடமே பொய் சொல்லக் காத்திருந்த மனிதர்.

"அப்படியா," என்றார்.

"டீ ஊத்தட்டுமா?"

"இல்ல. மாடு தனியா நிக்குது."

டிராக்டர் சத்தம் மேடேறுவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

சாப்பிடும்போது கோல்மன், "பாக்கி ஏதாச்சும் கேட்டானா?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலையே," என்றேன்.