பதினான்கு ஞாயிறும் என் கையெழுத்தும்

26-6-2006, திங்கள்

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இன்டர்நெட் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான், மூன்றாம் நம்பரில். இன்று காலை அதைத் திறந்தால் வழக்கமான முதல் பக்கம் வரவில்லை. பெயர் தெரியாத ஏதோ தேடும் பக்கம், ஓரத்தில் சீட்டாட்ட விளம்பரம். பழையபடி மாற்றி வைத்தேன். மறுபடி திறந்தால் மறுபடியும் அதுவே வந்து நிற்கிறது.

வாட்ச்மேன் தங்கசாமி சாவி நோட்டோடு வந்தார். ஆய்வகச் சாவியை யார் வாங்கினாலும் அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். நேற்று மதியம் தாளாளர் அரங்கநாதன் சாரின் மருமகன் திருமுருகன் வந்து, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உள்ளே இருந்தாராம். வெளிநாட்டு வேலைக்கு மெயில் பார்க்கவாம். கையெழுத்துக் கட்டம் மட்டும் காலி.

“வூட்டு மாப்ளகிட்ட நோட்ட நீட்ட முடியுங்களா டீச்சர்? ஆய்வகம் உங்க பொறுப்புதானே, நீங்களே போட்டுடுங்க” என்றார்.

போட்டேன். மாப்பிள்ளையிடம் போய்க் கையெழுத்துக் கேட்க இந்த ஊரில் யாருக்கு வாய் வரும்? எனக்கும் வராது.

10-7-2006

மூன்றாவது ஞாயிறு, மூன்றாவது கையெழுத்து. நீங்கள் பத்து லட்சமாவது விருந்தாளி, பரிசு காத்திருக்கிறது என்று திரை மின்னுகிறது. பிளஸ் டூ பெண்கள் பரிசை வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னைக் கேலி செய்தார்கள்.

25-7-2006, செவ்வாய்

இன்று வந்தது விளம்பரம் இல்லை. ஒரு பெண்ணின் படம். மேலே துணி இல்லை. மூடினேன், இரண்டு வந்தது. இரண்டையும் மூடினேன், நாலு வந்தது. பின்னால் பத்தொன்பது பிள்ளைகள் சி பிளஸ் பிளஸ் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் இருந்த வயரையே பிடுங்கிவிட்டேன். கரண்ட் போய்விட்டது என்றேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஃபேனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

பள்ளி விட்டபின் உட்கார்ந்து மொத்தத்தையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். வீட்டுக்கு வர ஏழரை. அவர் ஷிப்ட் முடிந்து வந்து தானே ரசம் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் வேணுகோபாலுக்கு சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிற வேலை. எடைக்கு மேல் எதற்கும் கவலைப்பட மாட்டார். ஸ்கூல்காரன் கவலைப்படட்டும், நீ சாப்பிடு என்றார். அந்த மனுஷன் வைக்கிற ரசம் என் ரசத்தைவிட நன்றாக இருக்கிறது, இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

14-8-2006, திங்கள்

சனிக்கிழமை சுத்தமாக விட்டுப்போகிறேன், திங்கட்கிழமை குப்பையாக நிற்கிறது. இதற்கு ஜோசியம் தேவையில்லை. தானாக இறங்கி உட்கார்ந்த புரோகிராம்களின் தேதியைப் பார்த்தேன். எல்லாமே ஞாயிறு, எல்லாமே இரண்டிலிருந்து ஐந்துக்குள்.

போன வாரம் பாஸ்வேர்டு போட்டு வைத்தேன். இன்று காலை தாளாளர் கூப்பிட்டார். மாப்பிள்ளை நேற்று கதவைத் திறந்தும் கம்ப்யூட்டரைத் திறக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாராம். வந்த இடத்தில் அவரை அப்படி உட்கார வைக்கலாமா என்று கேட்டார். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இலவசமாகத் தருகிறார்கள் என்று எதையாவது இறக்கினால் இப்படிக் கண்டது வரும், அவரிடம் சொல்லுங்கள் சார் என்றேன். மெயில் பார்க்கிறவருக்கு அதெல்லாம் என்னம்மா தெரியும் என்றார்.

அதற்கு மேல் என்ன சொல்வது? உங்கள் மாப்பிள்ளை எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் தெரியுமா என்றா? தாளாளரின் மகள் சிந்தாமணி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், அது ஒன்றுதான் நடந்தது.

29-9-2006, வெள்ளி

விஜயதசமி அன்று சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்கு ஆய்வகத்தைத் திறந்து காட்டவேண்டுமாம். ஞாயிறு சரஸ்வதி பூஜை. பொட்டு வைத்துவிட்டால் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது, மறுநாள்தான் எடுக்கலாம். அதனால் இன்றே மூன்றாம் நம்பரைச் சுத்தம் செய்து பத்து தரம் திறந்து மூடிப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை.

2-10-2006, திங்கள், விஜயதசமி

சந்தனம், குங்குமம், செவ்வந்திச் சரம் எல்லாம் போட்டு மூன்றாம் நம்பர் கல்யாணப் பெண்ணாட்டம் இருந்தது. சேர்க்கைக்கு வந்த ஆறு குடும்பங்களும் சுற்றி நின்றன. சிந்தாமணி வாசலில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். “டீச்சர், அமெரிக்காவக் காட்டுங்க” என்றார் தாளாளர்.

காட்டினேன்.

ஒன்று வந்தது. மூடுவதற்குள் அடுத்தது. பிறகு திரை முழுக்க. சந்தனப் பொட்டுக்குக் கீழே அந்தப் படங்கள். ஒரு அம்மா தன் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள். ஒரு அப்பா மட்டும் மூடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். வயரைப் பிடுங்கப் போனால் செவ்வந்திச் சரம் கையில் சிக்கிக்கொண்டது. ஐயோ, அந்த நேரத்தில்தானா சரம் சிக்கணும்?

தங்கசாமி பிறகு மெதுவாகச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் பூஜைக்குக் கூட்டிப் பெருக்க ஆய்வகம் திறந்து கிடந்தபோது மாப்பிள்ளை வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தாராம்.

3-10-2006

ஆறில் நான்கு பேர் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

5-10-2006, வியாழன்

தாளாளர் அறையில் விசாரணை. அவர், சிந்தாமணி, நான். மாப்பிள்ளை ஊரில் இல்லையாம்.

இது வகுப்பு நேரத்தில் நடந்ததில்லை, நான் திறந்ததும் இல்லை, தானாக வருகிறது என்றேன். அது எப்படியம்மா தானாக வரும், டி.வி.யே நாம் வைத்தால்தானே வருகிறது என்றார் தாளாளர். நியாயமான கேள்வி என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அதற்காகத்தான் நான் முன்யோசனையோடு ஒரு தாள் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். தேதிவாரியாக. பாருங்கள் சார், கடைசி ஒரு சனிக்கிழமை தவிர எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் மதியம் என்று நீட்டினேன். பெரிய கெட்டிக்காரி.

அவர் மணியை அடித்துச் சாவி நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். தாளையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஜூன் 25-இல் ஆரம்பித்து செப்டம்பர் 24 வரை. பதினான்கு ஞாயிறு. பதினான்கிலும் ‘மு. புவனேஸ்வரி’. எவ்வளவு அழகான கையெழுத்து என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அப்போதுதான் சொன்னேன், வந்தது உங்கள் மாப்பிள்ளை, நான் மரியாதைக்குக் கையெழுத்து மட்டும் போட்டேன் என்று. தங்கசாமி நோட்டைப் பிடித்தபடி நின்றார். அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். தெரிந்தும் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிந்தாமணி கேட்டாள்.

“அவரு வந்தாருன்னா, நீங்களும் கூட இருந்தீங்களா?”

இல்லை என்றேன்.

“வராதவங்க எதுக்குக் கையெழுத்துப் போடுவாங்க?”

பதில் இருந்தது. சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் விஷயமே வேறாகிவிட்டது. கம்ப்யூட்டர், படம், பெற்றோர் எல்லாம் பின்னால் போய்விட்டன. அவர்களுக்கு இப்போது பூட்டிய அறை, ஒரு ஆண், ஒரு பெண், பதினான்கு ஞாயிறு. நான் அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லைங்க! முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை. மீசை உண்டா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது எனக்கு.

5-10, இரவு

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரில் வரைந்து காட்டினேன். முதலில் ஒரு ஆள் அந்த மாதிரி இடத்துக்குப் போகவேண்டும், அங்கே இலவசம் என்று கொடுப்பதை வாங்கவேண்டும். அதற்கப்புறம்தான் கூப்பிடாமலே வரும். ஆள் போகாமல் வராது. போன ஆள் அந்த மாப்பிள்ளை. கவனமாகக் கேட்டார். “நான் நம்புறேன், நீ தூங்கு” என்றார். தூங்கினேன்.

8-10-2006, ஞாயிறு

வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “ஆகஸ்ட்டுல ஒரு நாயித்துக்கெழம டைலர் கடைக்குப் போனேன்னியே, அது எந்த நாயிறு?”

அவருக்கு ஞாயிறு எப்போதும் வேலை. புதன்தான் விடுமுறை. கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் அதை நாங்கள் இருவருமே ஒரு குறையாக நினைத்ததில்லை.

12-10-2006

ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன், அதில்தான் நான் கைதேர்ந்தவளாச்சே.

20-11-2006

காய்கறிக் கடையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கத்தரிக்காய் வாங்காமல் வந்துவிட்டேன்.

5-2-2007, திங்கள்

செந்துறையில் ஒரு பள்ளிக்கு நேர்முகத்துக்குப் போனேன். சான்றிதழ்களைப் புரட்டினார்கள். எந்தப் பள்ளியில் இருந்தீர்கள் என்று கேட்டார்கள், சொன்னேன். தலைமையாசிரியை சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் எல்லாம் இல்லீங்க” என்றார். அவருக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாக, உறை போட்டு மூடிய ஐந்து கம்ப்யூட்டர் தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். ஒரு ஜன்னல் சீட் கிடைத்தது, அந்த மட்டும் லாபம்.

13-6-2007, புதன்

இன்று மதியம் சிந்தாமணி வந்தாள். ஆமாம், அவளேதான். இடுப்பில் நாலு மாதக் குழந்தை. வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் புதன் விடுமுறை என்று உள்ளறையில் படுத்திருந்தார்.

அவர்கள் வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்களாம். நேற்று மாமியாருக்குப் பேரன் போட்டோ காட்டத் திறந்தாளாம், அதே மாதிரிப் படங்கள் வந்ததாம். கேட்டதற்குத் தானாக வருகிறது என்று திருமுருகன் சொன்னாராம்.

“தானா வருமா டீச்சர், ஆள் பாத்தாத்தான் வருமா? நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா நம்பிடுவேன்” என்றாள்.

எட்டு மாதமாக நான் எதற்குக் காத்திருந்தேனோ அது வீடு தேடி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு வாக்கியம். ஆள் போகாமல் வராது. சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தும் விட்டேன். அந்தக் குழந்தை என் வளையலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணில் தூக்கமே இல்லை. எங்கே போவாள் இவள், அப்பா வீட்டுக்கா? அந்த அப்பாவிடமா?

“தானா வரும்” என்றேன்.

“அதானே” என்றாள். உடனே முகம் தெளிந்துவிட்டது. ஒரு கேள்வி கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. அன்றைக்கும் இதைத்தானே சொன்னேன் சிந்தாமணி என்றேன். குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். அது முடிந்துபோன கதை, இப்போது எதற்கு டீச்சர் என்றாள். காபி குடித்துவிட்டுப் போனாள்.

டம்ளரை எடுக்கத் திரும்பினால் அவர் உள்ளறை வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“ஆள் போவாம வராதுன்னு எங்கிட்ட வரைஞ்சு காட்டுன. இப்ப தானா வரும்ங்கற.” குரலை உயர்த்தவே இல்லை. “அவனக் காப்பாத்தி ஒனக்கு என்ன ஆவணும்?”

அவளைப் பார்த்துப் பாவப்பட்டேன் என்று சொன்னேன். உன்னை அப்படிக் கேட்டவள்மேலா என்றார். ஆமாம் என்றேன். எனக்கே நம்பும்படியாக இல்லை.

20-6-2007, புதன்

அவர் இன்று வேலைக்குப் போனார். வார விடுமுறையை மாற்றித் தரச்சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாராம், கிடைத்துவிட்டதாம். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பார். ஞாயிறு மதியம் என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன்.