மருதமரத் திட்டில் சிக்கிய பகல்

என் தோழிக்கு,

போன மாதம் ஒரு நாள், மூன்றாவது பீரியடில், இரண்டு கல்லூரிப் பெண்கள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலைக்கு அழைத்துப்போய் மரம், செடி, பூச்சியெல்லாம் காட்ட அனுமதி கேட்டார்கள். ஒருத்தி என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். துணிப்பையிலிருந்து எதையோ எடுத்துக் கசக்கி மூக்கருகே நீட்டினாள். நொச்சி. கண்ணைத் திறக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டேன். வருடா வருடம் இப்படி யாராவது வந்து கேட்பார்கள். ஒரு முறைகூட நான் சரி என்று சொன்னதில்லை.

நாம் இருவரும் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது இதே போலத்தான் பள்ளிப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போனோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. என்னை அதற்கு அனுப்ப வைத்ததே நீதான். எங்கள் வாணியம்பாடி வீட்டில் கல்லூரி விட்டால் வீடு, வீடு விட்டால் கல்லூரி. நீ உன் ஊரிலிருந்து ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு வந்து, என்னைப் பெற்ற அத்தாவின் எதிரே உட்கார்ந்து, "நான் கூட்டிட்டுப் போய் நானே கொண்டாந்து வுட்டுட்றேன்ப்பா" என்றாய். தோல் மண்டியில் நாள் முழுக்கப் பேரம் பேசுகிற மனிதர், உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டினார்.

பிள்ளைகளுக்கு நான் செடிகளின் பெயரை ஒப்பித்துக்கொண்டே போவேன். உனக்கு அது பிடிக்காது. "பேரைச் சொல்லிட்டா அதுங்க பாக்கறத நிறுத்திடும்டி" என்பாய். ஒரு கரையான் புற்றைச் சுற்றி முக்கால் மணி நேரம் அவர்களை உட்கார வைத்தவள் நீ. பெயர் கேட்டு நச்சரித்த பிள்ளைகள்கூட, எறும்பு எந்தப் பக்கம் போகிறது என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், பதினான்கு பெண் பிள்ளைகள், எல்லாம் எட்டாம் வகுப்பு. ஓடை இரண்டாகப் பிரிந்து ஓடும் இடத்தில், நடுவே ஒரு பாறைத் திட்டு. அதில் ஒரு பெரிய மருதமரம். அதன் சுற்றளவைப் பிள்ளைகள் கை கோத்து அளக்க வேண்டும் என்பது என் திட்டம். தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. நீ குனிந்து பார்த்தாய். பிறகு மேலே மலை உச்சிப் பக்கம் கறுத்திருந்ததைப் பார்த்தாய்.

"வாணாம்டி. தண்ணி கலங்கி வருது. மேல பேஞ்சிருக்கும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று உன்னிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அதுதான் என் கடைசிச் சனிக்கிழமை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. யாரும் எனக்கு இனி எதையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்ற வீம்பு. முதல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். கடைசியாக நீயும் வந்தாய், பிள்ளைகளைத் தனியே விட முடியாதே என்று.

மரத்தை அளந்து முடிப்பதற்குள் சத்தம் மாறிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது நாம் கடந்து வந்த கற்களைக் காணவில்லை. இரண்டு பக்கமும் செம்மண் நிறத்தில் தண்ணீர், அதில் முறிந்த கிளைகள். போனில் சிக்னல் இல்லை. மணி பன்னிரண்டு ஆகியிருக்கவில்லை.

ஐந்து மணி நேரம் அந்தத் திட்டில் இருந்தோம். அந்த ஐந்து மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். இறங்கி ஆள் கூட்டி வருகிறேன் என்று கத்தினேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு விளிம்பு வரை போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். கத்தவில்லை. என் காதருகே, "நீ எறங்குனா பின்னாடியே அதுங்களும் எறங்கும். உக்காரு" என்றாய். உட்கார்ந்தேன். பிறகு தண்ணீர் விளிம்பில் மூன்று குச்சிகளைப் பாறை இடுக்கில் செருகினாய். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் குச்சி மூழ்கியது. இரண்டாவதும் மூழ்கியது. மூன்றாவது பாதி நனைந்து நின்றது. நீயோ நுரை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, ஏன் அப்படி ஒதுங்குகிறது என்று அவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். பயந்து நடுங்கிக்கொண்டே அந்தப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள்.

விறகுக்கு வந்த இரண்டு பேர் நம்மைப் பார்த்து, ஊருக்குள் ஓடிக் கயிறு கொண்டுவந்தார்கள். தண்ணீரும் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொருவராகக் கரையேற்றினார்கள். கோமதி என்ற பிள்ளை மட்டும் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, நம்மை மலைக்கு அனுப்பும் பேராசிரியரின் அறையில் கோமதியின் அப்பாவும் இருந்தார். பிள்ளைகளை ஓடைக்குள் இறக்கியது யார் என்று பேராசிரியர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பே நின்றுவிடும் என்ற பயம் வந்துவிட்டது. அதற்குள் நீ, "நான்தான் சார்" என்றாய்.

அவர் உன்னை மட்டும் அந்தப் பணியிலிருந்து நீக்கினார். படிப்பு முடிந்ததும் மலைப் பிள்ளைகளோடு முழு நேரம் வேலை பார்க்க உனக்கு ஓரிடம் கிடைப்பதாக இருந்தது. அதற்கு அவர் கடிதம் தரவில்லை. நீ போளூரில் உரக்கடை ஒன்றில் பில் போடப் போனாய். பெண் பார்க்க வந்தவர்களோ என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் நான் மலைக்குப் போனேன், நீ இல்லாமல். ஏன் அப்படிச் செய்தாய் என்று உன்னைக் கேட்டபோது, "எனக்கு வெளிய போக வேற வழி இருக்கு. உனக்கு இன்னா இருக்கு?" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. நீ எடுக்காததால் நானும் எடுக்கவில்லை. நீ திறந்துவிட்ட கதவுக்குள்ளேயே நான் அடைபட்டுக் கிடந்தேன்.

போன ஆண்டு வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தது, சொல்லிவிட வேண்டும் என்றுதான். நீ மிகவும் இளைத்திருந்தாய். உன் கணவர் ஜூஸ் வாங்கக் கீழே போயிருந்தார். அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நீ முந்திக்கொண்டு, "இன்னும் பசங்கள மலைக்கு இட்டுனு போறியா?" என்று கேட்டாய்.

"ஆமா" என்றேன்.

உன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு என்னால் வேறெதையும் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் கழித்து உன் கணவர் போன் செய்தார்.

அந்தக் கல்லூரிப் பெண்களிடம் இரண்டு நாள் கழித்துச் சரி என்றேன். நானும் கூட வருவேன் என்றேன். நேற்று போனோம். அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் ஓர் ஓடை இருந்தது. தெளிந்த தண்ணீர், வெயில், மேலே துளி மேகம் இல்லை. கடக்கலாமா மேடம் என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பிள்ளைகளைக் கரையிலேயே உட்கார வைத்து, அந்தப் பகலை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். ஓடைக்குள் இறக்கியது நான்தான் என்பதையும், பேராசிரியர் அறையில் நின்றதையும் விடாமல் சொன்னேன். அந்தக் கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்த ரேஷ்மா கேட்டாள். "அப்புறம் அந்த அக்காகிட்ட சாரி சொன்னீங்களா மிஸ்?"

"இல்லம்மா."

"இப்ப சொல்லலாமே?"

நீ இல்லை என்று அவர்களிடம் சொல்ல நேர்ந்தது.

சொன்னால் பாரம் இறங்கும் என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. உன்னிடம் சேர வேண்டியதை வேறு யார் கையிலோ கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் பிள்ளைகள் அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அடுத்த மாதம் என்றேன். பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் போவேன். ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்ன அந்த ஒற்றை 'ஆமா' உண்மையாக, இன்னும் எத்தனை சனிக்கிழமைகள் வேண்டுமோ தெரியவில்லை.