வாய்க்காலில் விட்ட மூன்று பெயர்கள்

பேச்சிப்பாறை,
10-5-1953

அன்புள்ள தாணு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். பிள்ளைகள் மூன்றும் உறங்கி, காலை ஆப்பத்துக்கு மாவும் கரைத்து வைத்த பிறகுதான் எனக்குக் கை ஒழிந்தது. அணைக்கட்டு வேலைக்காரர் வீடுகளில் இப்போது எங்கள் விளக்கு ஒன்றுதான் எரிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் விளக்கின் மேல் பழியைப் போடு. திருவனந்தபுரத்து ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தபோதும் நான் இப்படித்தானே. நீ கண்ணை மூடின பிறகுதான் எனக்குப் பேச்சே வரும்.

கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் சிவதாணு அண்ணனும் குழந்தைகளும் சுகம்தானே?

காரியம் என்னவென்றால், வருகிற ஜூன் மாதத்திலிருந்து என் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். இங்கே பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளம். நாகர்கோவிலில் என் வீட்டுக்காரருடைய அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாமென்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. சுற்றிலும் காடும் மலையும் தண்ணீரும் இருக்க, பாட்டனி படித்த ஒரு தாய் பிள்ளைகளை நாலு சுவருக்குள் அடைப்பானேன் என்று தோன்றியது.

சங்கடம் வயசுதான். ஞானப்பூவுக்கு ஒன்பது, செல்வதாசுக்கு ஏழு, இஸ்ரவேலுக்கு நாலு. மூன்று பேருக்கும் மூன்று பாடம் நடத்தினால் நான் எப்போது சோறு பொங்குவது? அதனால் மாதத்துக்கு ஒரே பொருள், அவரவர் வயசுக்கு ஏற்ற வேலை என்று வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் தண்ணீர். சின்னவன் எது மிதக்கும் எது முங்கும் என்று பார்ப்பான். நடுவிலவன் கோலை நட்டு நீர்மட்டம் அளப்பான். ஞானப்பூ கரையில் நிற்கிற மரங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதி மாட்டுவாள்.

கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணை திறக்கிற அன்று இன்னொரு வேலையும் இருக்கிறது. மூன்று முருக்குக் கட்டைத் துண்டுகளில் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாரால் எழுதி வாய்க்காலில் விடுவார்கள். உங்கள் வயலுக்குப் பாய்வதும் இந்தத் தண்ணீர்தானே. நீ உன் பிள்ளைகளோடு வாய்க்கால் கரையில் நின்று பார்க்க வேண்டும். மலைத் தண்ணீர் நாஞ்சில் நாட்டுக்கு வருகிற வழியை என் பிள்ளைகள் பூகோளப் புத்தகத்தில் படிக்க வேண்டாம் பார்.

பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறவள் நீ. குறை இருந்தால் தயங்காமல் சொல்.

உன்
ராகேல்


சுசீந்திரம்,
17-5-1953

அன்புள்ள ராகேலுக்கு தாணம்மாள் எழுதுவது.

தாணுமாலயன் புண்ணியத்தில் நாங்கள் நலம். பதினைந்து வருஷம் என்று எழுதி என்னைக் கிழவியாக்கியிருக்கிறாய். பத்துதான் ஆகிறது. பூகோளத்தில் கெட்டிக்காரி, கணக்கில் மட்டும் நீ அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே.

உன் கடிதத்தை உன் சிவதாணு அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். கட்டை விஷயம் வந்ததும் ஒரே சிரிப்பு. "ஏட்டி, அது புத்தன் அணை தாண்டுமா? வழியில எத்தனை மடை, எத்தனை மறுகால். உன் கூட்டுக்காரிக்க மாப்பிள்ளை அணைக்கட்டுல ஓவர்சியர்தானே, அவரு இதெல்லாம் சொல்லிக்குடுக்க மாட்டாரா?" என்கிறார்கள். "சொன்னாலும் அவ கேட்கணுமே" என்றேன். என் பிள்ளைகளோ இப்போதே வாய்க்கால் கரையில் காவல் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். தண்ணீரே வரவில்லை, கட்டைக்கு இடம் பார்த்தாயிற்று.

திட்டம் நன்றாக இருக்கிறது ராகேல். சின்னவர்கள் இருவருக்கும் ஒரு குறையுமில்லை. ஆனால் பெரியவளைப் பற்றித்தான் யோசிக்கிறேன். ஒன்பது வயசுப் பெண்ணுக்கு மரமும் தண்ணீரும் மட்டும் போதுமா? கூடப் படிக்க, கூடச் சண்டை போட நாலு பேர் வேண்டாமா? மலையாளம்தான் தடை என்றால் என் பள்ளிக்கூடம் தமிழ். என் வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமில்லாமல் போய்விடாது. நான் நடத்துவதும் நாலாம் வகுப்புதான். அவளை என் கண் முன்னாலேயே உட்கார்த்திக்கொள்வேன். ஜூனில் அனுப்பு. பிடிக்காவிட்டால் பூஜை லீவுக்குத் திரும்ப அழைத்துக்கொள்.

போன வருஷம் நாகர்கோவிலில் பள்ளிக்கூடம் போனாளே, அது ஏன் நின்றது? நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
தாணம்மாள்


பேச்சிப்பாறை,
4-6-1953

அன்புள்ள தாணு,

உன் கடிதம் கிடைத்து நாளாயிற்று. பதில் தாமதித்ததற்குக் கோபிக்காதே. சின்னவனுக்குச் சளி, எனக்கு வீட்டு வேலை, அதற்கு மேல் பாடம்.

அணை திறந்துவிட்டார்கள். பூவும் பழமும் வைத்துக் கும்பிட்டு, ஷட்டரைத் தூக்கினதும் முதலில் ஒரு இரைச்சல்தான் வந்தது. பிறகு செங்காவி நிறத்தில் தண்ணீர். செல்வதாஸ் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். இஸ்ரவேல் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். ஞானப்பூ மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு கட்டைகளை விட்டோம். இஸ்ரவேலின் கட்டையில் தாரில் தோய்த்த பெருவிரல் அடையாளம்தான். செல்வதாஸ் தன் பெயரில் தா-வுக்குக் கால் போட மறந்து, பிறகு மேலே செருகியிருக்கிறான். ஞானப்பூ தன் பெயரை எழுதி அதன் கீழே ஊர்ப் பெயரும் எழுதியிருக்கிறாள். அவள் கையெழுத்தை நீ பார்த்ததில்லையே, பார்க்கத்தானே போகிறாய். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பாலத்தின் மேல் நின்றேன். மற்ற இருவரும் படியில் இறங்கி அவற்றைத் தண்ணீரில் விட்டார்கள். நீரில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவளை அங்கே அனுப்பச் சொன்னாய். உன் மனசு எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் இப்போதே நாலாம் வகுப்புப் பாடத்தை முடித்துவிட்டாள் என்றே சொல்லலாம். மறுபடியும் பெஞ்சில் உட்காரவைப்பது வீண். நாகர்கோவிலில் நின்றது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல்தான். உப்புக்காற்று அவளுக்கு ஆகாது. சுசீந்திரமும் கடலுக்குப் பக்கம்தானே. குளிர்காலம் கழியட்டும், பார்ப்போம்.

மரங்களுக்குப் பலகை இன்னும் மாட்டவில்லை. மழை விடவில்லை.

கட்டை வந்தால் எழுது. பிள்ளைகள் தினமும் தபால்காரரை மறித்துக் கேட்கிறார்கள்.

உன்
ராகேல்


சுசீந்திரம்,
13-6-1953

அன்புள்ள ராகேலுக்கும் அவள் வீட்டு மூன்று பண்டிதர்களுக்கும்,

இதைப் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு வாசி.

கட்டைகள் வந்து சேர்ந்துவிட்டன. ஒன்றல்ல, மூன்றும். வியாழக்கிழமை காலை என் மகன் பல்கூடத் தேய்க்காமல் ஓடிவந்து, "அம்மா, வந்தாச்சு" என்றான். எங்கள் வயல் மடையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. புத்தன் அணை தாண்டாது என்று சவடால் விட்ட உங்கள் சித்தப்பா, இப்போது கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்கள்.

இஸ்ரவேல், உன் பெருவிரல் அழியவில்லையடா. செல்வதாஸ், நீ கால் போட மறந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன், அடுத்த தடவை மார்க் குறைப்பேன். ஞானப்பூ, உன் எழுத்து என்ன மக்கா, அச்சில் வார்த்த மாதிரி. பேச்சிப்பாறை என்கிறதில் ஒரு புள்ளி விலகவில்லை. நான் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் என் நாலாம் வகுப்பில் காட்டினேன். "இந்தப் பெண் வீட்டில் இருந்தே படிக்கிறாள், உங்கள் எழுத்தைப் போலக் கோழி கிண்டின மாதிரியா இருக்கிறது பாருங்கள்" என்று சொன்னேன். எல்லாருக்கும் உன்னைப் பார்க்க வேண்டுமாம்.

ராகேல், குளிர்காலம்வரை காக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக வாருங்கள்.

அன்புடன்,
தாணம்மாள்


பேச்சிப்பாறை,
17-6-1953

அன்புள்ள தாணு,

நீ சொன்னபடியே பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு வாசித்தேன். என் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வழியில் இருக்கிற மடையெல்லாம் தெரிந்தவர்கள், மூன்றும் வந்தது என்று வாசித்தபோதே காப்பியைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி மேலே வாசித்தேன். அச்சில் வார்த்த மாதிரி என்ற இடத்தில் என் குரல் உயர்ந்தது.

ஞானப்பூ எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் கட்டை இருந்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். அதில் எழுத்து ஒன்றுமில்லை. தாரால் ஒரு மீன்கொத்தி வரைந்திருந்தாள். மேலே எழுத முயன்று துடைத்த கறை.

"அம்மா, நான் விடல்ல. பேரு எழுத வரல்ல, அதான்" என்றாள்.

செல்வதாஸ், "நான் அப்பமே பாத்தேன், இவ கல்லைத்தான் போட்டா. சொன்னா அடிப்பேன்னு சொன்னா" என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. உன் கடிதத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ சித்திக்கு வந்தது வேற ஞானப்பூவுக்க கட்டையாம்மா?"

தாணு, அந்த வேற ஞானப்பூவை உண்டாக்கினவள் நான். உனக்கு எழுதின ஒவ்வொரு கடிதத்திலும் அவளைத்தான் வளர்த்தேன். என் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு ஒன்பது வயசாகியும் அ, ஆ தங்கவில்லை. காலையில் எழுதுவாள், மத்தியானம் அது அவளுக்குப் புதிதாக இருக்கும். நாகர்கோவிலில் நின்றது உப்புக்காற்றால் இல்லை. ஒரு வருஷம் முதல் வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அதே வகுப்பு என்றார்கள். இவர்களுடைய அண்ணி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருக்கும்போதே, "காலேஜ் படிச்சவளுக்க மவளுக்கு ஆனா ஆவன்னா வரல்ல பாத்தியளா" என்று சிரித்தார்கள். மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளை அழுததால் அல்ல. அவள் அழவில்லை. எனக்குத்தான் முகத்தில் அறைந்தது போலிருந்தது.

பிறகு மலையாளம் என்றேன், காடு என்றேன், தண்ணீர் என்றேன். சின்னவர்கள் இருவருக்கும் அந்தப் பாடம் உண்மைதான், அவர்கள் நன்றாகவே படிக்கிறார்கள். ஆனால் அதை நான் தொடங்கினது ஒருத்தியை யாரும் பார்க்காமல் வைத்துக்கொள்ள. அணை திறக்கிற அன்று காலை அவள் கையில் தார்க்குச்சியைக் கொடுத்து, "பேரையும் ஊரையும் எழுது மக்கா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. எழுதுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லாமல்தான் போனேன். பாலத்தின் மேல் நின்றதும் அதற்குத்தான். அங்கிருந்து பார்த்தால் எழுத்து தெரியாது.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். குழந்தைகள் ஏமாறக்கூடாது என்றுதானே. உன் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு எழுத வராது என்று நன்றாகத் தெரிந்த நானே, உன் வரிகளை வாசித்தபோது ஒரு நிமிஷம் நம்பினேன். நம்பி, நெஞ்சு நிறைந்து, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மேலே வாசித்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அவள் கேட்டதற்கு இவர்கள்தான் அவளைக் கூப்பிட்டு மடியில் இருத்திக்கொண்டு, "வேற ஆளு யாருமில்ல மக்கா. சித்தி விளையாட்டுக்கு எழுதினா. அம்மையும் உன் எழுத்தைப் பாக்காம எழுதிட்டா" என்றார்கள். அவள், "அப்பம் சித்திக்கு எனக்கு எழுத வராதுன்னு தெரியாதா?" என்றாள். தெரியாது என்றார்கள். "சொல்லணும்" என்றாள்.

அதனால் சொல்கிறேன்.

அவளை உன்னிடம் அனுப்ப விரும்புகிறேன். நாலாம் வகுப்பில் அல்ல, முதல் வகுப்பில். உன் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வயசுப் பிள்ளையை அந்த வகுப்பில் சேர்ப்பார்களா? சேர்த்தாலும் சின்னப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருப்பதை மற்ற வகுப்பார் வேடிக்கை பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். "பரவாயில்ல, சித்தி வீட்டுல ராத்திரி சொல்லித்தருவாளா?" என்று மட்டும் கேட்டாள். நீ அவளை உட்காரவைத்துப் பார்த்து, அவளுக்கு எது எப்படி ஏறும் என்று கண்டுபிடித்துச் சொன்னால் போதும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இருந்ததெல்லாம் அவசரமும் பயமும்தான். சிவதாணு அண்ணனிடமும் உள்ளதைச் சொல்லிவிடு. நான் இனி மறைக்கிறதாக இல்லை.

இவர்கள் நாளைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு புறப்படலாம் என்கிறார்கள். நான்தான் உன் பதில் வரட்டும் என்று நிறுத்தியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். கட்டையை வகுப்பில் காட்டினேன், பிள்ளைகளிடம் சொன்னேன் என்று எழுதியிருந்தாயே, காட்ட அவள் கட்டைதான் உன்னிடம் இல்லை. ஆனால் அவளைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் உண்மையிலேயே ஏதாவது சொல்லிவிட்டாயா, அல்லது அதுவும் கடிதத்துக்காக எழுதினதா? சொல்லியிருந்தால், அவள் அந்த வாசல்படி ஏறுவதற்கு முன்னால், அது அப்படி இல்லை என்று நீயே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாத ஞானப்பூவைத் தேடுகிறவர்கள் முன்னால் அவள் போய் நிற்க வேண்டாம்.

சொன்னாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் எழுது.

உன்
ராகேல்