அம்மாவின் குரல்மேல் பதிந்த பாட்டு

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
12.01.2025

தம்பி குலசேகரத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம், முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. உனக்குக் காது மங்கி, ரெலிபோனில் ஒன்றும் விளங்குவதில்லை என்று உன் மனிசி றொஷானி சொன்னாள். அதனால்தான் பேனை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. சிரிக்காதே.

நேற்றுப் பேத்தி துஷ்யா தான் படிக்கிற துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்து அறைக்குள் ஒரு பாட்டுப் போட்டாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சுவருக்குள்ளால் ரயில் போவதுபோல ஒரு தாளம். குரல் மனிசருடையதுமில்லை, மெசினுடையதுமில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

1986இல் நாங்கள் இருவரும் டூசல்டோர்ஃபில் ஒரே அறையில் இருந்தபோது, உன் கூட்டாளி கிளெமென்ற் எங்கள் ஊரிலிருந்து அம்மாவின் குரலைக் கசற்றில் கொண்டுவந்தான். நான் ஒருமுறைதான் கேட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாய்க் கேட்கிறேன் என்றாய். அதற்குள் ரேடியோவில் போன இந்தப் பாட்டை அதிலேயே பதிந்து, அம்மாவை அழித்துவிட்டாய். அடுத்த கசற் வருமுன் அம்மாவே போய்விட்டா.

"ஆரடி இவங்கள்?" என்று துஷ்யாவைக் கேட்டேன்.

"கிராஃப்ட்வெர்க் எண்ட பாட்டுக் குழு, அம்மம்மா. உங்கடை தம்பியின்ரை ஊர்க்காரர்." சிரிப்பு வேறு.

நான் ஒன்றும் மறக்கவில்லை.

அக்கா புஷ்பமலர்


டூசல்டோர்ஃப்
27.01.2025

அன்பு அக்கா,

ஏச்சென்றாலும் உங்கள் கையெழுத்தைக் கண்டது சந்தோசம். கிளெமென்ற் கொண்டுவந்தது நான் ஊரில் விட்டுவந்த சினிமாப் பாட்டுக் கசற். உறையில் என் எழுத்து. அதில் பழைய பாட்டுத்தான் இருக்கிறது, அம்மா பேசி அனுப்பினது வேறொன்று என்று நினைத்துப் பதிந்துவிட்டேன்.

அந்தக் கிராஃப்ட்வெர்க் நால்வரின் ஒலிக்கூடம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்ததாம். நான் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போய்வந்த வழி! புல்லாங்குழலோடு தொடங்கினவர்கள், பிறகு மின்சாரக் கருவிகளைத் தாங்களே செய்துகொண்டார்களாம். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. குளிரில் நடக்கிறவனுக்கு அந்தத் தாளம் துணையாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஆட்கள் கதைப்பது நுரைபோலக் கரைந்துபோகிறது. அந்தத் தாளம் மட்டும், பாட்டைப் போட்டுவிட்டு மேசையில் கை வைத்தால் கைவழியே வருகிறது.

அக்கா, அம்மா என்ன சொன்னா? இத்தனை வருசமாய்க் கேட்கிறேன். எழுதுங்கோ, வாசிக்கிறேன்.

தம்பி குலம்


ட்வெய்ட்டா
16.02.2025

தம்பி,

சொல்லமாட்டேன். ஒவ்வொரு சொல்லும், இடையில் அம்மா இருமினதும், காகம் கத்தினதும் எனக்குள் இருக்கின்றன. அதன்மேல் உன்னால் ஒன்றும் பதிய முடியாது.

துஷ்யா இசைப் படிப்பில் இந்தப் பாட்டுக்காரரைப் பற்றித்தான் படிக்கிறாளாம். நியூயோர்க்கில் கறுப்பினப் பொடியள் இவர்களின் தாளத்தை எடுத்துத் தங்கள் பாட்டாக்கினார்களாம்; அப்படியே உலகமெல்லாம் போயிற்றாம்.

"ஒருத்தற்றை பாட்டுக்கு மேலை இன்னொருத்தர் பதியிறதுதான் அம்மம்மா எங்கடை வேலை."

"அப்ப நீயும் அவனைப் போலத்தான்," என்று அவள் முன்னாலிருந்த இடியப்பத் தட்டைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டேன். பிறகு கொடுத்தேன். பிள்ளை பசியோடு வந்தவள்.

அக்கா


டூசல்டோர்ஃப்
05.03.2025

அன்பு அக்கா,

சொல்லாவிட்டால் பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன். அது பொய். இடது காது முடிந்துவிட்டது. வலதும் கோடைக்குள் போகும் என்கிறார் டொக்டர்.

நித்திரையில் அம்மா வந்து வாயை அசைக்கிறா. சத்தம் வருவதில்லை. அந்த வாய்க்கு என்ன சொல்லை வைப்பதென்று மட்டும் சொல்லுங்கோ.

குலம்


ட்வெய்ட்டா
21.03.2025

குலம்,

துஷ்யாவிடம் அந்தப் பாட்டைப் போடச் சொல்லி, மேசையில் கை வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. வருகிறது. மற்றக் கையால் எழுதுகிறேன். அம்மா சொன்னது இது:

"ராசா, குலம், அம்மா கதைக்கிறன். கேக்குதோ? கோப்பை கழுவுற வேலை எண்டு வெக்கப்படாதை. கையிலை எண்ணெய் பூசு, வெடிச்சுப் போகும். இஞ்சை ஷெல் சத்தம் வலு தூரத்திலை, நீ யோசியாதை. ராசா, உன்ரை பாட்டுக் கசற்றிலைதான் கதைக்கிறன், வேறை ஒண்டும் அம்பிடேல்லை. உன்ரை பாட்டெல்லாம் அழிஞ்சிட்டுது, என்னிலை கோவியாதை. இதைக் கேட்டுப்போட்டு, இதுக்கு மேலை ஒரு நல்ல பாட்டாய்ப் பதிஞ்சு வை."

பிறகு காகம். அவ்வளவுதான்.

அம்மா செய்யச் சொன்னதை நீ கேட்காமலே செய்திருக்கிறாய். இவ்வளவு காலமும் எனக்குப் பொறுக்காதது அதுதான். நான் பொத்திவைக்க நினைத்த குரலை அவ தானே அழிக்கச் சொல்லியிருக்கிறா. கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

ஆனால், கேட்ட பிறகுதான் பாட்டு என்றா. இப்போது நீ கேட்டுவிட்டாய்.

இனிப் போடு உன் பாட்டை.

அக்கா