அவன் விலகிக்கொண்ட வழக்கு

ஜூன் 3
இன்று கோர்ட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன், கண்ணாடி போட்ட என் வக்கீல், எங்கள் பக்கவழிக்குக் கேட் போட்டுப் பூட்டிய கொழுந்தன், அவன் பெண்டாட்டி, என் அக்கா. மேலே நாற்காலியில், புதிதாக மாற்றலாகி வந்த நீதிபதி. அக்கா மகன். பால் மறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் சேரும்வரை என் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

அந்த வழி இல்லையென்றால் எனக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனிடம் போய் முடங்க வேண்டியதுதான்.

என் வழக்கைக் கூப்பிட்டதும் அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். ‘ரெக்யூஸ்’ என்றொரு சொல் மட்டும் காதில் நின்றது. கேஸ் கட்டைத் தள்ளி வைத்தான். என்னைப் பார்க்கவே இல்லை. வக்கீல் அடுத்த கோர்ட்டுக்கு ஓடிவிட்டார். அக்கா காலேஜ் படித்தவள், அவளிடம் கேட்டேன்.

“என்னக்கா சொன்னான்?”

“உன் கேஸைத் தொடவே வெக்கமா இருக்காம். வேற யாராவது பாக்கட்டுமாம்.”

கொழுந்தன் பெண்டாட்டி சிரித்தாள். அதையும் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 4
அம்மை போட்டப்போ ராவெல்லாம் மடியில வச்சிருந்தேனே — வெக்கமாமே, வெக்கம்.

ஜூன் 11
“நான் அண்ணன்கிட்ட கேக்கறேம்மா” என்றான் மகன். கூடாது என்றேன். அக்கா மகன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம். அதைப் பார்ப்பது இன்னும் மோசம்.

ஜூன் 20
வக்கீலைப் பார்த்தேன்.

“ரெக்யூஸ்னா வெக்கப்படறதா தம்பி?”

“யாரும்மா சொன்னா? வழக்குக்கு வந்தவங்க தனக்கு வேண்டியவங்கன்னா நீதிபதி தானா விலகிக்கறதும்மா. தீர்ப்பு சொல்றவங்களுக்குத்தான் அந்தச் சொல். என்னை மாதிரி ஆளுக்கு அது கிடையாது.”

“வேற என்ன சொன்னான்?”

“இவங்க என்னை வளர்த்த அம்மா, இவங்க விஷயத்துல எனக்கு நடுநிலை வராதுன்னார். ஏன், உங்க அக்கா பக்கத்துலதானே இருந்தாங்க?”

பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 2
பேரனும் பேத்தியும் சண்டை போட்டுக்கொண்டு தீர்ப்புக்கு வந்தார்கள். “ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்க. நான் ரெக்யூஸ். போய் உங்கம்மாகிட்ட கேளுங்க.”

ஆகஸ்ட் 9
புது நீதிபதி ஒரு அம்மாள். வழியைத் திறந்துவிடச் சொல்லிவிட்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொழுந்தனே வந்து பூட்டைத் திறந்தான். போகட்டும்.

சாயங்காலம் என் பிள்ளை வந்தான். அக்கா மகனைத்தான் சொல்கிறேன்.

“கேஸ் முடியற வரைக்கும் வரக் கூடாது சித்தி.”

“தெரியும், கையைக் கழுவு” என்றேன்.

இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அக்கா சொன்னதை அவன் காதில் போடவில்லை. பெத்தவளாச்சே. கொழுந்தனை மன்னித்தாயிற்று. அவன் பெண்டாட்டியை அந்தச் சிரிப்போடு சேர்த்து மன்னித்தாயிற்று.

மன்னிக்க முடியாதது அக்காவை மட்டும்தான்.