ஆடிக்கு எந்த வீடு

ஜூலை 9, வியாழன்

வெயில். மணலிப் பக்கத்துக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் கெமிக்கல் வாடை, மறுபடி அலச வேண்டும்.

கல்யாணமாகிக் காலடிப்பேட்டைக்கு வந்து இரண்டு மாதம். பருத்தித்துறையில் கதைத்ததும் தமிழ், இங்கே பேசுவதும் தமிழ். ஆனாலும் தினம் ஒரு முழிப்பு. ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று பதில் சொன்னால் சாமி கும்பிடுகிறேன் என்று நினைக்கிறார்கள். மாமியாரை "மாமி" என்று கூப்பிட்டதற்குத் தெருவே சிரித்தது. இப்போது "அத்தை".

இன்று தண்ணீர் லாரி. வரிசையில் ஆள் இல்லாமல் ஒரு பச்சைக் குடம் மட்டும். யாரோ மறந்துவிட்டார்கள் என்று அதை ஓரமாக எடுத்து வைத்து, என் குடத்தை வைத்தேன். வந்தாளே ஒருத்தி! மீன் விற்கும் செல்வி அக்கா, தெருக்கோடி வீடு.

"இன்னாம்மா சிலோன், என் குடத்தை நவுத்திட்டு நீ பாட்டுக்கு நிக்கற? குடம் கீதுன்னா நான் கீறேன்னு அர்த்தம், தெர்தா?"

முகமெல்லாம் எரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். திட்டி முடித்ததும் என் குடத்தையும் அவளே பிடித்து இடுப்பில் ஏற்றிவிட்டாள். புரியாத ஜென்மம்.

வாங்க: சீயக்காய், தேசிக்காய் (கடையில் எலுமிச்சம்பழம் என்று கேட்க வேண்டும், மறக்காதே).

ஜூலை 11, சனி

மதியம் நெத்திலிக் குழம்பு. சாப்பிடும்போது அத்தை சாதாரணமாகக் கேட்டார்: "ஆடி பொறக்கப் போவுது. உங்க வூட்லேர்ந்து உன்னை எப்போ இட்டுகினு போறாங்க?"

எங்கே என்றேன். புது மருமகள் ஆடி முழுக்க அம்மா வீட்டில் இருக்க வேண்டுமாம். புருஷனோடு இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

எங்கள் ஊரில் ஆடிப்பிறப்புக்குத் தேங்காய்ப்பால் விட்டு இனிப்புக் கூழ் காய்ச்சுவோம், கொழுக்கட்டை அவிப்போம். ஆளை வெளியே அனுப்பி நான் பார்த்ததில்லை.

விசா நீட்டிப்புக்குக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை, ஊருக்குப் போக வழியில்லை. அப்பா படுக்கையில், அம்மாவும் வர முடியாது. சொன்னேன்.

"அப்போ வியாசர்பாடில எங்க நாத்தனா வூட்ல போய் இரு."

ஒரே ஒரு தடவை பார்த்த வீடு. அங்கே ஒரு மாதமா?

சுரேஷ் துறைமுக வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "அம்மா மனசு கோணாம பார்த்துக்கோயேன்" என்றான். என் மனசு? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் இந்தத் தட்டுப்பாட்டில் தண்ணீரை வீணாக்கினேனே என்று அதற்கும் ஒரு கவலை.

ஜூலை 13, திங்கள்

புழுக்கம். அம்மாவோடு போன்.

"இதென்ன கூத்து? வீட்டை விட்டு அனுப்பீனமோ உன்னை?"

"இல்லையம்மா, இங்கத்தைய வழக்கம்."

"எனக்கு வர ஏலாமக் கிடக்குது, பிள்ளை."

போனை வைத்துவிட்டு மறுபடியும் அழுதேன்.

வாசலில் செ. அக்கா, கூடை நிறைய சங்கரா. என் முகத்தைப் பார்த்ததும், "இன்னா, மூஞ்சி வீங்கிக் கீது?" எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மீனை வெட்டிக்கொண்டே கேட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை? கிடையாது. "வியாசர்பாடிலாம் வேலைக்கி ஆவாது" என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இவளிடம் போய் ஏன் சொன்னேன்.

ஜூலை 15, புதன்

இன்னும் நம்ப முடியவில்லை.

காலையில் வாசலில் செ. அக்கா. பட்டுச் சேலை, தலையில் கனகாம்பரம், கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, பழம், பூ, கண்ணாடி வளையல், மடித்த சேலை ஒன்று.

"எம் பொண்ணை ஆடிக்குக் கூப்ட வந்துகிறேன்."

அத்தை கரண்டியோடு வாசலுக்கு வந்தார். "இன்னா செல்வி, வெளாட்றியா? இவளுக்கு நீ இன்னா ஒறவு?"

"அவங்க அம்மாவால வர முடியல. அவங்க எடத்துல நான் நிக்கறேன். லாரிக்குக் குடம் வெக்கறதில்ல? அந்த மாதிரி."

அத்தை என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். மீன்காரி வீட்டுக்கா என்று கேட்கத்தான் வாய் துடித்தது, எனக்குத் தெரியும். ஆனால் பூவோடு வந்த தட்டைத் திருப்பி அனுப்ப அவருக்குப் பயம். இரண்டு கையாலும் வாங்கினார். காபி போட்டார்.

"ராவுல கதவைத் தாப்பா போட்டுக்கோ செல்வி. எம் புள்ள அந்தப் பக்கமே சுத்துவான்."

சுரேஷ் காது சிவக்க உள்ளே போய்விட்டான்.

ஜூலை 16, வியாழன்

ஒரு பெட்டி, ஒரு தலையணை. தாய் வீட்டுப் பயணம்: எங்கள் வாசல், பிள்ளையார் கோயில், டெய்லர் கடை, அவ்வளவுதான். அத்தை கண் கலங்கினார். எதற்கென்று தெரியவில்லை, எனக்கும் கலங்கியது.

செ. அக்காவின் பையன்கள் இருவரும் விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் கட்டில் எனக்கு. வீடெல்லாம் கருவாட்டு வாசம், எங்கள் ஊர்க் கரை போலவே. நன்றாகத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

இங்கிருந்து எங்கள் மொட்டை மாடி தெரிகிறது. சாயங்காலம் சுரேஷ் துணி எடுக்க வந்தான். ஜென்மத்தில் துணி எடுத்தவனில்லை.

ஜூலை 19, ஞாயிறு

தூறல். விடியலிலிருந்து அம்மன் கோயில் ஸ்பீக்கர். செ. அக்கா கேழ்வரகுக் கூழ் ஊற்றினாள், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. இனிப்பில்லாத ஆடிக்கூழ்! முதல் வாய் தொண்டையிலேயே நின்றது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதுக்கு நானே சட்டியை நீட்டினேன்.

அப்போது அம்மாவின் போன்.

"ஆர் வீட்டில நிக்கிறாய், பிள்ளை?"

என்ன சொல்வது? யோசிப்பதற்குள் அடுப்படியிலிருந்து ஒரு கத்தல்.

"பாதி சாப்பாட்டுல இன்னா பேச்சு? துன்னுட்டு பேசு!"

 அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவ சொல்லுறதைக் கேள், பிள்ளை. நான் வைக்கிறன்."