இடது கால் செய்த வேலை

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். பத்து மணிக்கு டிங்கரிங் ஆள் வருவார். உங்கள் கார் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

"பின்னாடி வந்தவன் கண்ணு தெரியாம இடிச்சிட்டான்" என்று நேற்று சொன்னேனே, அது பொய். என் பிக்கப் வண்டி சர்வீசுக்குப் போயிருந்ததால் உங்கள் காரை எடுத்தேன். சிக்னல் நெருங்கியதும் பழக்க தோஷத்தில் கிளட்சை மிதித்தேன். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் ஏது? இடது கால் பிரேக்கில் போய் விழுந்தது, கார் சடாரென்று நின்றது. பின்னால் வந்தவர் பாவம், என்ன செய்வார்? அவரையும் திட்டிவிட்டு வந்தேன்.

முட்டி வலி தாங்காமல்தான் நீங்கள் அந்தக் காரை வாங்கினீர்கள். "கியர் இல்லாததெல்லாம் ஒரு வண்டியா?" என்று ஒரு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உங்களைக் கிண்டல் பண்ணினேன். இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

பிக்கப்பை மட்டும் விடமாட்டேன். அது வேறு.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரை எனக்குப் பழக்கிவிடுங்கள். முன்பு என் பிக்கப்பில் உங்களுக்குக் கிளட்ச் பழக்கும்போது தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினேனே, நீங்களும் அதே தெருவில் கத்துங்கள்.